ஸ்கோப்பைக் கழற்று, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஏர் ரைபிள், மேலே குறியைப் பெரிதாக்கிக் காட்டும் முழ நீள ஸ்கோப், கீழே "பாப்பா பர்த்டேக்கு ஓகேவா?" என்று ஒரு கேள்வி. போனில் சொன்னால் "சரி சரி" என்று கேட்டுக்கொண்டு மறுநாளே வாங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் அவ்வப்போது தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ரிடையர் ஆன பிறகு சனி, ஞாயிறு காலையில் பக்கத்துத் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சுக்குப் போய்ப் புதுப் பிள்ளைகளுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். கோச் இளைஞர். அவர் சொல்லிக்கொடுப்பார், நான் பெல்லட் என்கிற சின்னக் குண்டுகளை எண்ணிக் கொடுப்பேன், டார்கெட் மாற்றுவேன், பதற்றத்தோடு நிற்கும் அப்பாக்களுக்கு டீ வாங்கித் தருவேன். அடுத்த மாதம் நீயும் அந்த வரிசையில் நிற்கப்போகிறாய்.

முதலில் ஸ்கோப். பாப்பா சேரப்போவது பத்து மீட்டர் ஏர் ரைபிள். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. குறிபார்க்க நம் ஊர்ப் போட்டிகளில் ஓப்பன் சைட் (திறந்த பள்ளம்), பீப் சைட் (சின்னத் துளை) என்ற இரண்டு பேச்சுதான். ஒலிம்பிக் வரை போவது பீப் சைட். விதியை விடு, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கே ஸ்கோப் கெடுதல். குறியோடு சேர்த்துக் கை ஆட்டத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். பிள்ளை பயந்துபோய், குறி நடுவுக்கு வரும் அந்த நொடியில் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்க மாதக்கணக்காகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பெரிய பையன் எட்டாவது படிக்கும்போது இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். ஸ்பிரிங் ரைபிள், ஸ்கோப்போடு. கடைக்காரர் "இதுல அடிச்சா குறி தப்பாது சார்" என்றார். ஸ்பிரிங் ரைபிளுக்குள் பிஸ்டன் ஒன்று முன்னால் பாயும். பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறிவிடும். அந்த உதறலில் ஸ்கோப் நாலே வாரத்தில் இடம் மாறியது. ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்த அவனுக்குத் தெம்பும் இல்லை, நான்தான் மடக்கிக் கொடுத்தேன். கிளப்புக்கு எடுத்துப் போனபோது அங்கிருந்த கோச் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய கூத்து அப்புறம்தான் தெரிந்தது. பையனுக்கு இடது கண் ஆதிக்கம், அதாவது குறிபார்க்கும்போது அதுதான் முந்தும். நான் வாங்கியதோ வலது தோளுக்கான கட்டை (துப்பாக்கியைத் தோளில் வைக்கும் பின்பகுதி). அதனால் உன்னிடம் கேட்கும் முதல் வேலை இதுதான்: பாப்பாவை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல். உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் அவள் கண். இடது என்று வந்தால், எழுதுவது வலது கையாக இருந்தாலும், ஆரம்பத்திலேயே இடது தோளில் பழக்கச் சொல்லிக் கோச்சிடம் கேள். மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம். மூடினால் முகமே கோணும், திறந்திருக்கும் கண்ணும் களைத்துவிடும். பால் நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தொப்பியிலோ கண்ணாடியிலோ செருகி மறைத்தால் போதும்.

இப்போது பீப் சைட். என்.சி.சி.யில் பயிற்சி கொடுத்த உஸ்தாத் நமக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா, பின்னால் இருக்கும் பள்ளத்தில் முன் முனையை நிறுத்துவது? இங்கே எல்லாமே வட்டம். பின்னால் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் ஒரு துளை, முன்னால் ஒரு வளையம், பத்து மீட்டர் தள்ளி 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம். ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும், அதற்குப் பாடம் தேவையில்லை. பார்வை நிற்க வேண்டிய இடம் முன் வளையம். கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். புதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். டார்கெட்டைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் வளையம் மங்கி, பெல்லட் எங்கோ போகிறது.

முன் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம், பல அளவில் கிடைக்கும். சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும் என்று யாராவது அங்கே சொல்வார்கள். நம்பாதே. கறுப்புக்கும் வளையத்துக்கும் நடுவே வெள்ளை தாராளமாகத் தெரிகிற அளவில் ஆரம்பிக்கட்டும். வெள்ளை மெலிந்துவிட்டால் ஆட்டம் கண்ணில் குத்தும், சுடத் தயங்குவாள். இன்னொன்று, ஒரு பெல்லட் தள்ளிப் போனதும் சைட்டை நகர்த்தும் திருகைத் திருப்பும் கை சிலருக்கு உண்டு. ஐந்து பெல்லட் போட்டு, குரூப்பிங் (ஓட்டைகளின் கூட்டம்) எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் திருகைத் தொட வேண்டும். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் தங்கம் வாங்கிய நாளில், இறுதிச் சுற்றுக்கு முன் அவருடைய சைட் இடம் மாறியிருந்ததாம். அதைச் சரிசெய்துகொண்டு போய்க் கடைசி ஷாட்டில் 10.8 பாயின்ட் போட்டார். திருகு என்ன செய்யும் என்று கைக்குத் தெரிந்திருந்தால்தான் அப்படி நிற்க முடியும்.

சரி, துப்பாக்கி. இப்போது வாங்காதே. 0.177 அங்குலக் குழல், பெல்லட்டின் வேகச் சக்தி 20 ஜூல் வரை லைசென்ஸ் தேவையில்லை என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன, அது உண்மைதான். ஆனால் வாங்க முடிகிறது என்பதற்காக வாங்க வேண்டுமா? போட்டி ரைபிள் அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஓடுவது. உதறல் அநேகமாக இல்லை. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் மாதிரி ஜெர்மன் சாமான் என்றால் விலை லட்சங்களில். கிளப்பில் ஒன்று இருக்கும், ஆறு மாதம் அதில் சுடட்டும். எடை 5.5 கிலோ வரை போகலாம் என்பது விதி. அவள் வயதுக்கு அவ்வளவு தேவையில்லை, கட்டை நீளத்தைக் குறைக்க முடிகிற ரைபிளாகக் கேள். தூக்குவது கையல்ல, இடுப்பெலும்பு. இடது முழங்கை அதன்மேல் உட்கார வேண்டும். (இடது தோள் என்றால் இதை மாற்றிப் படித்துக்கொள்.) கட்டையின் கடைசியில் இருக்கும் பட் பிளேட் தோளுக்கும், மேலே இருக்கும் சீக் பீஸ் கன்னத்துக்கும் வந்து சேர வேண்டும். கழுத்தை நீட்டிச் சைட்டைத் தேடினாள் என்றால் ரைபிள் அவளுக்குப் பொருந்தவில்லை.

கான்வாஸ் ஜாக்கெட்டும் இப்போது வேண்டாம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமே பத்தாது. நிற்கத் தெரிவதற்கு முன் ஜாக்கெட் போட்டால் தப்பான நிலையையும் அது தாங்கிப் பிடித்து மறைத்துவிடும். தட்டையான அடியுள்ள ஷூ, இடது கைக்கு ஒரு கிளவுஸ், தலை தட்டையான பெல்லட் இரண்டு டப்பா. இவ்வளவுதான் உன் செலவு. தட்டைத் தலை காகிதத்தில் வட்டமாக வெட்டும், பாயின்ட் எண்ணச் சுலபம். பெல்லட் ஈயம், அதனால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

பத்துப் பாயின்ட் புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த மாதிரி. முதல் நாளிலேயே அதை எதிர்பார்த்து நீ பின்னால் நின்று பெருமூச்சு விடாதே, அது அவள் காதில் விழும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதைப் பாப்பா யூடியூபில் பார்த்தாளாமே. நல்லதுதான். ஆனால் பார்க்க வேண்டியது பெல்லட் போன பிறகு அந்தப் பெண் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறார் என்பதை. அதைக் காட்டு.

கண் பரிசோதனை முடிவை உடனே போட்டு விடு. அப்புறம், அந்த என்.சி.சி. கேம்ப்பில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு கொடுத்தபோது என் டார்கெட்டில் ஏழு ஓட்டை, உன்னுடையதில் மூன்று. உஸ்தாத் என்னைத்தான் மைதானம் சுற்ற விட்டார். அந்த இரண்டு ரவுண்டு உன்னுடையதுதான் என்று இன்னும் நீ ஒப்புக்கொள்ளவில்லை. பாப்பாவிடம் எந்த டார்கெட் தன்னுடையது என்று முதலில் பார்க்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்