திரும்பி வந்த விண்ணப்பம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பத்தை, மூன்று வருட உழைப்பை, ஒரே பக்கத்தில் மறுத்து அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சியை விட்டுவிட்டு எங்காவது ஓபி மட்டும் பார்க்கலாமா என்று கேட்டாய். அதுவும் நல்ல வேலைதான் அம்மா. எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் இந்த ஒரு மறுப்புக்காக விடாதே.

நீ ஆராயும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் பற்றி முதலில் சொன்னபோது "உங்க கேபிள் மாதிரிதான்ப்பா" என்றாய். நரம்பின் மேல் இருக்கும் மயலின் உறையை உடம்பின் காவல் செல்களே அரித்துவிடுகின்றன. முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் பூமிக்கடி கேபிளோடு கிடந்தவனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. உறை போனாலும் உள்ளே இருக்கும் கம்பி உடனே சாகாது. அப்படியே விட்டால் அதுவும் போகும். நரம்பும் அப்படித்தான் என்றாய். நாங்களாவது உறையைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்து ரோட்டைத் தோண்டுவோம். மூளைக்குள் நீங்கள் எங்கே தோண்டுவது?

நீ சொன்ன ஸ்டீபன் ஹவுசரைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்டனில் இளம் டாக்டராக இருந்தபோது, பேசவும் விழுங்கவும் முடியாமல் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் அவர் இந்த நோயைக் கையில் எடுத்தார். அந்தக் காவல் செல்களில் டி செல் என்ற வகைதான் குற்றவாளி என்று எல்லோரும் நம்பிய காலம். மார்மோசெட் குரங்குகளில் பார்த்தபோது, மனிதருக்கு வருவது போன்ற புண் உண்டாக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமும் வேண்டியிருந்தது. அப்படியானால் அதை உண்டாக்கும் இன்னொரு வகையான பி செல்லை நீக்கிப் பார்க்கலாமே என்று நிதி கேட்டார். உயிரியல்படி நம்பத்தக்கதாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பிறகு ஒரு மருந்துக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, பி செல்லை நீக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தின் சோதனை 104 பேரிடம் நடந்தது. எம்ஆர்ஐயில் புதிதாக எரியும் புண்கள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருந்தன. அது 2008இல் வெளிவந்தது. 2017இல் அதே வழியில் வேலை செய்யும் ஓக்ரெலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த நோயில் தொடக்கத்திலிருந்தே விடாமல் கூடிக்கொண்டு போகும் வகைக்கு அதற்கு முன் அங்கீகரித்த மருந்தே கிடையாது என்று நீதானே சொன்னாய்!

உன் யோசனையும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருக்கு வந்தது "நம்ப முடியவில்லை" என்ற பதில். செய்து பார்த்துத் தவறென்று யாரும் காட்டவில்லை. உனக்கு வந்த கடிதத்தை இன்னொரு தரம் நிதானமாகப் படி. உண்மையான குறை ஏதாவது எழுதியிருந்தால் திருத்து. நம்பிக்கை இல்லை என்பது மட்டும்தான் இருக்கிறதென்றால், சின்ன அளவிலாவது செய்து காட்ட வழி பார்.

அம்மாவுக்குப் பிடித்தவர் பாரிஸ் டாக்டர் ஷார்கோ. 1868இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தவர். கை நடுங்கும் ஒரு பெண்ணை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டாராம். தட்டும் கிண்ணமும் உடைந்தபடி இருந்தும் வருடக்கணக்கில் அனுப்பவில்லை. அவள் இறந்த பிறகுதான் அந்த நடுக்கத்துக்கு இந்த நோயே காரணம் என்று காட்ட முடிந்தது. "உடைஞ்ச தட்டை எண்ணாத மனுஷன்" என்று அம்மா அடிக்கடி சொல்கிறாள்.

போன மாதம் வலது கண் மங்கிப்போய் உன்னிடம் வந்தாளே, ஸ்கூல் பஸ் ஓட்டும் பெண், அவளுக்குப் பார்வை திரும்பிவிட்டதா? அம்மா தினமும் கேட்கிறாள். அதை மட்டுமாவது மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா