முள்ளோடையில் ஒரு வரைபடம் வையுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடியோ கேம் செய்து பழகும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் உங்களில் சிலர் செய்த கேம்களை ஆடிப் பார்த்தேன். கடலூரிலிருந்து பாண்டிக்கு சைக்கிளில் போகும் ஒரு பையனைப் பற்றிய கேம் ரொம்பப் பிடித்தது. ஆல்பேட்டைப் பாலத்தில் எதிர்க்காற்று தள்ளுவதைக்கூட விடாமல் வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு குறை. ஸ்டேஜ் முடிந்ததும் திரை கறுக்கிறது, ஒரு கோடு நிரம்புகிறது, அடுத்த ஸ்டேஜ் வந்துவிடுகிறது. ரெட்டிச்சாவடி தாண்டினோமா, தவளக்குப்பம் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை.

பழைய கேம்களில் அந்த இடைவெளியில் ஒரு வரைபடம் வரும். அதில் பல சாதி உண்டு. 1985-இல் வந்த 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்' வெறுமனே காட்டும், தொட முடியாது. ஒவ்வொரு லைஃப் போகும்போதும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்பும். 1993-இன் 'டூம்' முடித்த இடங்களில் ரத்தக்கறை தெளித்து, அடுத்த இடத்துக்கு அம்புக்குறி போடும். 'அவுட் ரன்' (1986) வேறு ரகம். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 ஸ்டேஜ், ஒரு ஓட்டத்தில் ஓட்டுவது 5 மட்டும். கடைசியில் வந்த வழியை வரைபடத்தில் பார்க்கும்போது, போகாத பக்கம்தான் கண்ணை உறுத்தும்.

ஆனால் என் மனசு 'மாரியோ 3'-இடம்தான். 1988-இல் ஜப்பானில் வந்தது. மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேசட் இரவல் வாங்கி ஆடினோம். அதை ஊதி ஊதிச் செருகுவதே தனி வேலை. அந்த வரைபடத்தில் மாரியோவை நாமே நடத்த வேண்டும். சுத்தியல் எறியும் ஆமைகள் அங்கேயும் உலாவும். நாம் ஒரு ஸ்டேஜ் ஆடி முடித்தால் அவை இடம் மாறி, சில சமயம் நேராக நம்மிடமே வந்து நிற்கும். கோட்டையை ஜெயித்தால் பூட்டிய வழி திறக்கும். பறக்கும் கப்பலில் தோற்றால் அது வேறிடத்துக்கு ஓடிவிடும், வரைபடம் முழுக்கத் துரத்த வேண்டும். சும்மா இளைப்பாறும் இடம் என்று நினைத்தால் அங்கேயும் ஆட்டம்தான்! 1990-இல் 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' இன்னும் குறும்பு செய்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்த ஸ்டேஜை முடித்து வெளியேற இன்னொரு ரகசிய வாசல் இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண வாசல், ரகசிய வாசல் எல்லாம் சேர்த்து மொத்தம் 96.

சரி, இதெல்லாம் எதற்கு? உங்கள் கையில் ஏற்கெனவே அருமையான வரைபடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன புதுச்சேரி, தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எல்லை எங்கே என்று போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இதைவிட நல்ல வரைபடத்தை ஜப்பான்காரர் யோசித்தாரா என்ன? எல்லையில் இருக்கும் முள்ளோடையில் பூட்டு வையுங்கள். கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூருக்கு ஒரு கிளைவழி போகட்டும், அங்கே ஏரிக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பையன் ஒரு ஸ்டேஜ் முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டவுன் பஸ் வரைபடத்தில் ஓர் ஊர் நகரட்டும். அவன் நிற்கும் ஊருக்கே வந்துவிட்டால் ஒதுங்கத்தான் வேண்டும்.

பெரிய வேலை இல்லை, ஒரே ஒரு படமும் சில புள்ளிகளும்தான். அடுத்த கண்காட்சிக்குள் முடித்துவிடுங்கள். நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்துப் பழைய மாரியோ