‘இனி கணக்கு எதற்கு?’ கட்டுரை பற்றி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘இனி கணக்கு எதற்கு?’ என்ற கட்டுரையைப் படித்தேன். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டியில் செயற்கை நுண்ணறிவு தங்கப் பதக்க அளவுக்கு மதிப்பெண் வாங்கிவிட்டது, ஆகவே நம் பிள்ளைகள் கணிதம் படித்துச் சிரமப்பட வேண்டியதில்லை என்கிறார் கட்டுரையாளர். முதலில் சொன்னது உண்மை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகளும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்கள்தான். உங்கள் கட்டுரை வந்த வாரத்தில் ஒரு மாணவியின் அப்பா அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்து வந்து, “பத்திரிகையிலேயே போட்டுட்டாங்களே மேடம், பாப்பாவை வேற படிப்புக்கு மாத்திடலாமா?” என்று கேட்டார். அச்சில் வருவதை நம்புகிற மனிதர் அவர். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒலிம்பியாடில் மொத்தம் ஆறு கணக்குகள், 42 மதிப்பெண். கூகுள் டீப்மைண்டின் ‘ஜெமினி டீப் திங்க்’ என்ற செயற்கை நுண்ணறிவு ஐந்து கணக்குகளைச் சரியாகப் போட்டு 35 எடுத்தது. ஓப்பன்ஏஐ நிறுவனமும் தன் செயற்கை நுண்ணறிவு அதே 35 எடுத்ததாக அறிவித்தது. முந்தைய ஆண்டு டீப்மைண்டின் நிரல்கள் எடுத்தது 28. ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் என்பது எங்கள் துறைக்காரர்களையே திகைக்க வைத்த விஷயம், அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டுரையில் விடுபட்டது ஆறாவது கணக்கு. அதில் இரண்டுமே தேறவில்லை. அதே போட்டியில் ஐந்து பிள்ளைகள் 42க்கு 42 வாங்கினார்கள்.

அந்த ஆறாவது கணக்கைத் தமிழில் யாருக்கும் சொல்லிவிடலாம். குறுக்கே 2025 வரிசை, நெடுக்கே 2025 நிரல் கொண்ட சதுரக் கட்டம். அதன் மேல் செவ்வகப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் சரியாக ஒரு கட்டம், ஒவ்வொரு நிரலிலும் சரியாக ஒரு கட்டம் மூடப்படாமல் இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை பலகை வேண்டும்? மூலைவிட்டத்தைத் திறந்து விட்டு மீதியை மூடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் 4048 பலகை ஆகும். சரியான விடை 2112. சந்தேகம் இருப்பவர்கள் 4×4 கட்டத்தில் செய்து பாருங்கள். மூலைவிட்ட வழியில் 6 பலகை தேவைப்படும். நடுவில் 2×2 பலகை ஒன்றை வைத்து, அதைச் சுற்றி நாலு சின்னப் பலகைகளைக் காற்றாடி போல வைத்தால் ஐந்திலேயே முடிந்துவிடும். 2025 என்பது 45×45. விடைக்குள் அந்த 45 இருக்கிறது: 2025ஓடு இரண்டு 45ஐக் கூட்டி மூன்றைக் கழித்தால் 2112. இதைக் கரும்பலகையில் போட்ட அன்று மதிய உணவு மணி அடித்தும் என் மாணவர்கள் எழுந்து போகவில்லை.

சரி, அடுத்த ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ இயந்திரம் இதையும் போட்டுவிடலாம். என் வாதம் அந்த ஒரு கணக்கை நம்பி இல்லை. போட்டிக் கணக்குக்கு விடை இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும், நாலரை மணி நேரத்தில் மூன்றைப் போட முடியும் என்றும் தெரியும். ஆராய்ச்சியில் அந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. இன்றைக்கு அங்கே நடக்கும் பெரிய மாற்றமும் வேறு. ஒரு நிரூபணம் சரிதானா என்று சோதிக்கும் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஒரே அளவு உருண்டைகளை இடம் வீணாகாமல் அடுக்குவது எப்படி? பழக்கடையில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611இல் வானியலாளர் கெப்லர் எழுதினார். அதில் சுமார் 74 சதவீத இடம் நிரம்பும். நிரூபணத்தை அமெரிக்கரான தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் முடித்தார். பக்கம் பக்கமாக எழுத்து, அதோடு கணினிக் கணக்கீடுகள். 12 நடுவர்கள் சில ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தும் ‘99 சதவீதம் சரி’ என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு சதவீதத்தை ஹேல்ஸ் விட்டுவிடவில்லை. ஒரு குழுவைச் சேர்த்து, நிரூபணத்தின் ஒவ்வொரு அடியையும் கணினி சரிபார்க்கும் மொழியில் திரும்ப எழுதி, 2014இல் முடித்தார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை இது. உலகமே ஏற்றுக்கொண்ட ஒன்றை, தனக்கு முழு நிச்சயம் வேண்டும் என்பதற்காகப் பத்தாண்டுக்கு மேல் உழைத்து மறுபடி நிறுவியிருக்கிறார்.

இன்று அந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது ‘லீன்’ என்ற இலவச மென்பொருள். நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறை வேறு, வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று டச் பார்க்கும் இடம் வேறு. லீன் டச் பார்க்கும் இடம். நிரூபணத்தை மனிதன் எழுதினாலும் சரி, செயற்கை நுண்ணறிவு எழுதினாலும் சரி, அதற்கு முகதாட்சண்யம் இல்லை. ஒரு அடி பிசகினாலும் ஏற்காது. 2023 நவம்பரில் டெரன்ஸ் டாவ், டிமத்தி கவர்ஸ், பென் கிரீன், ஃப்ரெடி மேனர்ஸ் என்ற கணிதவியலாளர்கள் நால்வரும் கூட்டல் சேர்மானவியல் என்ற கணிதப் பிரிவில் ஒரு பழைய யூகத்தை நிரூபித்தார்கள். பல ஊர்களிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து மூன்றே வாரத்தில் அதை லீனில் எழுதிச் சரிபார்த்துவிட்டார்கள். லண்டனில் கெவின் பசார்ட் என்ற கணிதவியலாளர், எண்களைப் பற்றிய புகழ்பெற்ற ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தையே இப்படி எழுதும் பணியை 2024இல் தொடங்கியிருக்கிறார்.

இந்த வேலைக்கெல்லாம் ஆள் வேண்டும். சொல்ல வருவதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த, நிரூபணம் என்றால் என்ன என்று உள்ளூர உணர்ந்த ஆட்கள். 2024இல் டீப்மைண்ட் நிரல்கள் அந்த 28 மதிப்பெண்ணை எடுத்தபோதுகூட, ஒலிம்பியாட் கேள்விகளை லீன் மொழிக்கு மாற்றிக் கொடுத்தது மனிதர்கள்தான்.

யார் இந்த ஆட்கள் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். மிக எளிய ஒரு கற்பனைக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில்லாத ஒரு நாடா, அதில் எல்லா இடத்திலும் 0. கணினிக்கு ஐந்து நிலைகள். எந்த நிலையில் எதைப் பார்த்தால் 0 எழுதுவதா 1 எழுதுவதா, இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா, அடுத்து எந்த நிலை, அல்லது அத்தோடு நிற்பதா என்பதற்கு விதி. சில கணினிகள் ஓடி நின்றுவிடும். சில நிற்கவே நிற்காது. நிற்பவற்றில் அதிகபட்சம் எத்தனை படி ஓடலாம்? 1962இல் கணிதவியலாளர் டிபோர் ராடோ எழுப்பிய கேள்வி இது. 1989இல் ஜெர்மனியின் மார்க்ஸென், பன்ட்ராக் இருவரும் 4,71,76,870 படி ஓடி நிற்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதைவிட நீளமாக ஓடி நிற்பது வேறு கிடையாது என்று காட்ட வேண்டும். ஐந்து நிலைக்கு எழுதக்கூடிய விதிப் பட்டியல்களின் எண்ணிக்கையோ 16 லட்சம் கோடிக்கு மேல். எந்தக் கணினி நிற்கும், எது நிற்காது என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லும் நிரலை எழுதவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிரூபித்துவிட்டார். ஆக, இங்கே ஒரே சூத்திரம் உதவாது. ஒரே மாதிரியானவற்றை ஒதுக்கி, மிச்சத்தை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் அது ஏன் நிற்காது என்ற காரணத்தைக் கண்டுபிடித்துத்தான் முன்னேற வேண்டும்.

2022இல் இணையத்தில் ஒரு குழு இதற்காகச் சேர்ந்தது. அதில் பலருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. 2024இல் முடித்துவிட்டார்கள். அந்த 1989 எண்தான் விடை. முழு நிரூபணத்தையும் லீன் போன்றே ‘காக்’ என்ற சரிபார்ப்பு மென்பொருளில் எழுதி முடித்தவர் எம்எக்ஸ்டிஒய்எஸ் என்ற புனைபெயரில் மட்டும் அறியப்பட்டவர். அவர் யார், எந்த ஊர், என்ன பட்டம் என்று எவரும் கேட்கவில்லை. நிரூபணத்தைச் சோதிக்க இயந்திரம் இருக்கும்போது எழுதியவரின் விலாசம் எதற்கு? எங்கள் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பெரிய பேராசிரியரின் சிபாரிசு இல்லாமல், சேலத்து விடுதி அறையில் ஒரு சாதாரண மடிக்கணினியை வைத்துக்கொண்டு உலக ஆராய்ச்சியில் பங்கெடுக்கும் கதவு இந்தத் தலைமுறைக்குத் திறந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் ‘கணக்கு எதற்கு’ என்று எழுதுகிறீர்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 22க்கும் உங்கள் இதழில் ராமானுஜன் படம் வருகிறது. நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் பிறந்தவர், பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1729 வாடகைக் கார் கதையோடு முடித்துவிடுகிறீர்கள். அவர் நோட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் முடிவுகளை மட்டும் எழுதி வைத்தார். அவற்றை ஒவ்வொன்றாக நிரூபித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார் அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட். கண்டுபிடிப்பது, நிரூபிப்பது, சரிபார்ப்பது என்று இந்த மூன்றும் எப்படி மனிதர்களிடையே கைமாறி வருகின்றன என்பதை ராமானுஜனை வைத்தே எழுதலாமே. வாசகர்கள் படிப்பார்கள்.

நான் கேட்பது இரண்டு. அந்தக் கட்டுரையில் விடுபட்ட விவரங்களை, ஆறாவது கணக்கையும் முழு மதிப்பெண் வாங்கிய ஐந்து பிள்ளைகளையும், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். உங்கள் கட்டுரையைப் படித்த மற்ற அப்பாக்களிடம் உங்களால்தான் பேச முடியும்.

அப்புறம், சிறுவர் பகுதியில் அந்தக் கட்டக் கணக்கைப் போடுங்கள். 4×4க்கு விடையை மேலே சொல்லிவிட்டதால் 9×9 கேளுங்கள். அதற்கு 12 பலகை போதும். எப்படி என்று படம் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். வருகிற விடைகளைத் திருத்தி, தவறியவர்களுக்கு எங்கே தவறியது என்று ஒரு வரி எழுதி அனுப்ப நானும் என் மாணவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரிக் கணித ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.