தொப்பியைக் காணவில்லை: இயர்போனுக்கு ஒலி அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காதுக்குள் செருகும் இயர்போன்களுக்கு ட்யூனிங் செய்யும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'கச்சேரிக் கிழம் ஒன்று புலம்புகிறது' என்று மடலை மூடிவிடுவீர்கள். திருவிழாவில் தவிலுக்கு நேர் எதிரே போய் நின்று வளர்ந்தவன் நான். நெஞ்சுக்கூடு கொஞ்சம் அதிர்ந்தால்தான் எனக்கும் பாட்டு கேட்ட மாதிரி இருக்கும்.

போன மாதம் ஓர் இயர்போன் வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பெட்டி முழுக்க பேஸ் புராணம். மாட்டிப் பார்த்தால் பேஸே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், இடது காதில் ரப்பர் சரியாக அடைக்கவில்லை. சின்ன இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலிதான் முதலில் கசிந்து போகும். இடதுக்குப் பெரிய ரப்பரும் வலதுக்கு நடுத்தர ரப்பரும் போட்டேன். மடை திறந்துகொண்டது. அதை மூடத்தான் வழி தெரியவில்லை.

அன்று இரவு, பலமுறை கேட்ட ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசை அப்புவதே கனமான நாதத்துக்காகத்தான். ஆனால் கனம் மட்டுமா அங்கே இருக்கிறது? கும்கி போடும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்திக்கொண்டே நகரும். 'தூம்' என்று கிளம்பிய நாதம் புறா குனுகுவது போல வளைந்து மேலே ஏறும். இந்த இயர்போனில் அந்த வளைவையே காணோம். எல்லா அடியும் ஒரே 'டும்'. தலையணையைக் கட்டையால் அடித்த மாதிரி. ஓர் அடியின் வால் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் விழுகிறது. பின்னால் இருந்த தம்புரா கரைந்தே போயிற்று. அடுத்துப் போட்ட ஆண் குரலோ, பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடியது.

சினிமாப் பாட்டில் வேறு கதை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 அதிர்வில், ஒலிக்கும். புளியங்கொட்டை அளவுப் பொருள் ஒன்று அந்த ஆழம் வரை இறங்குகிறதே என்று உண்மையிலேயே வியந்தேன். அதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. கோளாறு அந்த ஆழத்தில் இல்லை. அதற்கு மேலே, 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தையும் சேர்த்துத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, அங்கேதான். ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் இருப்பது அந்த இடத்தில். அதை வீங்க வைத்தால் பாட்டே வீங்கிவிடும். போதாததற்கு, பலமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைத்துவிடுவது நம் காதின் இயல்பு. பாடல் வரி புரியவில்லையே என்று நான் சத்தத்தைக் கூட்டினேன். பேஸும் கூடியது. வரி அப்போதும் புரியவில்லை. சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் என் கணக்கு திங்கட்கிழமையே தீர்ந்துவிடும்.

மக்கள் இதைத்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். சரி, கேட்கிறார்கள்தான். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் ஆட்களை உட்கார வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தபோது, தட்டையான பேஸைவிடக் கொஞ்சம் தூக்கிய பேஸ்தான் பெரும்பாலோருக்குப் பிடித்தது. ஆனால் எந்த ஒலி எவ்வளவு வேண்டும் என்று அவர்கள் காதுக்குள் செருகும் வகைக்கு வரைந்த வரைபடக் கோட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகத்தான் அது ஏறுகிறது. குரல் இருக்கும் இடத்தை அது மெழுகி மூடவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மின்சார ரயிலில் இதே இயர்போன் எனக்குப் பிடித்துப்போனது. தண்டவாளத்தின் உறுமல் பேஸில் பாதியைத் தின்றுவிட, மிச்சம் அளவாக வந்து சேர்ந்தது. இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போதும் கொஞ்சம் கூடுதல் பேஸ் வேண்டும். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலி மந்தமாகிவிடும். ஆகவே தூக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆழத்தில் தூக்குங்கள், 100 ஹெர்ட்ஸுக்கு மேலே கையை எடுங்கள். முடிந்தால் இயர்போனிலேயே பேஸைக் குறைக்க ஒரு வழி வையுங்கள், செயலியைத் திறந்து, ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரோடு மல்லுக்கட்ட எல்லாராலும் முடியாது.

அப்புறம், அந்தப் பெட்டி. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிடுகிறீர்கள். எந்த இடத்தில் எத்தனை டெசிபல் ஏற்றம், எத்தனை இறக்கம் என்று சொல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீங்கள் அளந்த வரைபடம் உங்களிடம் இருக்கும். அதைப் பெட்டியின் பின்பக்கம் போட உள்ளங்கை அளவு இடம் போதும். இப்போது அங்கே தீப்பிழம்பு படம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
இடது காதுக்குப் பெரிய ரப்பரும் வலது காதுக்கு நடுத்தர ரப்பரும் போடுகிற ஒரு வாடிக்கையாளர்