லாரியோடு போன இயக்குநர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போர்க்கால உக்ரைனின் அருங்காட்சியகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு குறை மட்டும். ‘லிவிவ் போரிஸ் வோஸ்னித்ஸ்கி தேசியக் கலைக்கூடம்’ என்று, மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரத்துக் கலைக்கூடத்தின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. யார் அந்த வோஸ்னித்ஸ்கி என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஏதோ பழைய கவிஞரோ தளபதியோ என்றுதான் வாசகர்கள் நினைத்திருப்பார்கள்.

அவர் லெனின்கிராடில் கலைவரலாறு படித்தவர். 1962இல், 36 வயதில், அந்தக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். 2012 மே 23 அன்று, 86 வயதில், தானே ஓட்டிப் போன கார் ஸொலோச்சிவ் அருகே விபத்தில் சிக்கி இறக்கும்வரை அதே பதவி. ஐம்பது வருடம் ஒரே நாற்காலி என்று சொல்ல வந்தேன். ஆனால் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தானே!

உலகப் போர் முடிந்ததும் மேற்கு உக்ரைனின் போலந்து மக்களை எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். 1946இல் சோவியத் அரசு, போப்பை ஏற்றுக்கொண்டு கிழக்கத்திய முறையில் வழிபடும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையையும் தடை செய்தது. ஊர் ஊராகத் தேவாலயங்கள் பூட்டிக் கிடந்தன; பல உரமூட்டை அடுக்கும் கிடங்காயின. சோவியத் தலைவர் குருஷேவ் காலத்து மத எதிர்ப்பு வேறு. அந்த நாளில்தான் இவர் ஊழியர்களையும் லாரியையும் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், கைவிடப்பட்ட சிலைகளையும் திருவுருவப் படங்களையும் ஏற்றிவந்தார். இவரும் அதே சோவியத் அரசிடம் சம்பளம் வாங்கியவர்தான். ‘புனிதப் பொருள்’ என்று சொல்லிக் காப்பாற்ற முடியாததைக் ‘கலைப்பொருள்’ என்று பதிவேட்டில் எழுதிக் காப்பாற்றினார். அந்தச் சாமர்த்தியத்துக்கே ஒரு கட்டுரை எழுதலாம்.

கொண்டுவந்ததை வைக்க இடம் வேண்டுமே? லிவிவ் வட்டாரத்தில் பாழடைந்து கிடந்த ஒலெஸ்கோ கோட்டையைச் சீர்செய்து 1975இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். அடிவாரத்தில் கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பழைய மடம் சேமிப்புக் கூடமானது.

கோயிலில் இருந்த சிலையைக் கோயிலை விட்டு எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லிவிவுக்குப் பக்கத்தில் ஹொடோவித்ஸியா என்றொரு கிராமம். அங்குள்ள தேவாலயத்தின் பீடத்துக்காக 18ஆம் நூற்றாண்டுச் சிற்பி பின்செல் செதுக்கிய ஆபிரகாம், சிம்சோன் என்ற பைபிள் மாந்தரின் சிலைகள் கலைக்கூடத்துக்கு வந்துவிட்டன. தேவாலயம் பிறகு தீப்பற்றி எரிந்தது. இன்று அங்கே நிற்பது சுவர்கள்தான்.

அந்த ஆபிரகாமை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2012 கடைசியில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் பின்செலுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் மரம், மேலே பொன்பூச்சு. ஆனால் உடைமடிப்புகள் கசக்கிய தகரம்போல மூலை மூலையாக உடைந்து நிற்கின்றன. துணி அப்படி விழாது என்று தெரிந்தும் கண் நம்புகிறது. பொன் தேய்ந்த இடங்களில் மரம் தெரிந்தது. “அந்தத் தாத்தா ஏன் அழுகிற மாதிரி இருக்கிறார், அப்பா?” என்று மகள் கேட்டாள். மகனைப் பலியிடப் போகிற தகப்பன் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்செல் எங்கே பிறந்தார் என்பது இன்றுவரை தெரியாது. யோஹான் கியோர்க் என்ற முதற்பெயர்கூட, 1990களில் மேற்கு உக்ரைனின் புச்சாச் ஊர்த் திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் கிடைத்தது. அப்படிப்பட்ட ஒருவரை லிவிவில் தனி அருங்காட்சியகம்வரை, பிறகு லூவ்ர்வரை கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு வோஸ்னித்ஸ்கியுடையது. லூவ்ர் கண்காட்சி திறந்தபோது அவர் இறந்து ஆறு மாதமாகியிருந்தது. அடுத்த வருடம்தான் கலைக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இனி அந்தப் பெயர் உங்கள் இதழில் வரும்போது பக்கத்தில் இரண்டு வரியாவது சேருங்கள். அவருக்கென்று தனிக் கட்டுரையே போட்டால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
லா சப்பெல், பாரிஸ்