தண்ணீர் பார்த்து வீடு பார்

அன்புள்ள இனியனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய இரண்டு வீட்டு விவரங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்று ஹார்பர் ஓரத்துப் புது ஃபிளாட், இன்னொன்று பெட்மின்ஸ்டரில் பழைய வரிசை வீடு. விலை, பள்ளிக்கூடம், பார்க்கிங் எல்லாம் நீயும் மருமகளும் பார்த்துக்கொள்வீர்கள். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீ இங்கிலாந்தில், இந்தப் பிரிஸ்டலில் பிறந்து வளர்ந்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டே வளர்ந்தவனுக்கு எந்த ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் ஃபிளாட். ஜன்னலுக்கு வெளியே தெரிகிறதே, அந்தத் தண்ணீரை ஆறு என்று எழுதியிருக்கிறார் ஏஜென்ட். ஆறு ஓடிய இடம்தான். ஆனால் 1809-லேயே ஏவன் ஆற்றை அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். தெற்கே புதிதாக ஒரு கால்வாய் வெட்டி, ஆற்றை அதில் திருப்பி, பழைய ஆற்றுப் பள்ளத்தைக் கதவு போட்டு அடைத்து வைத்தார்கள். வெட்டிய கால்வாய்க்குப் பெயர் நியூ கட். அடைத்து வைத்ததுதான் உன் ஜன்னலில் தெரியும் ஃப்ளோட்டிங் ஹார்பர். நெதம் என்ற இடத்திலிருந்து ஃபீடர் கால்வாய் வழியாக அதற்குள் ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கடலால். செவர்ன் கழிமுகத்தில் கடல் ஏறி இறங்கும் உயர வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். உலகத்திலேயே இப்படி ஏறி இறங்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த ஏற்றம் ஏவன் வழியாக நகருக்குள்ளேயே வந்துவிடும். ஏற்றத்தில் கப்பல் மிதக்கும், இறக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். அடிமரம் வலுவில்லாத கப்பலாக இருந்தால் அங்கேயே முறிந்தும் போகும். வியாபாரிகள் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் வில்லியம் ஜெசப் என்ற பொறியாளரின் திட்டப்படி 1804-இல் மண் வெட்ட ஆரம்பித்தார்கள். அஞ்சு வருஷ வேலை. முடிந்த அன்று ஆயிரம் கூலிக்காரர்களுக்கு விருந்து வைத்தார்கள். முழுசாகச் சுட்ட இரண்டு காளை, அதற்கேற்ற உருளைக்கிழங்கு, ஆளுக்கு ஒரு கேலன் பீர். பீர் தீர்ந்ததும் ஆங்கிலேயத் தொழிலாளிகளுக்கும் ஐரிஷ் தொழிலாளிகளுக்கும் அடிதடி ஆகி, அது கலவரமாகி, ஆட்களைப் பிடித்துக் கடற்படைக்குக் கொண்டுபோகும் கும்பலை வரவழைத்து அடக்க வேண்டியிருந்தது. ஊர் கூடிச் சாப்பிட்டால் எந்த நாட்டிலும் அப்படித்தான்.

கடலின் கணக்கை நான் படித்துக் கற்கவில்லை, பஸ் ஓட்டிக் கற்றேன். அம்மாவின் தினசரிக் காலண்டரில் அமாவாசையோ பௌர்ணமியோ போட்டிருந்தால், அடுத்த ஓரிரு நாளில் பெரிய ஏற்றம். இந்த ஊரில் பெரிய ஏற்றம் காலையில் ஏழிலிருந்து ஒன்பது மணி வாக்கில் வரும், இரவும் அதே நேரத்துக்கு வரும். அதாவது சரியாக ஆபீஸ் நேரம். சில தடவை போர்ட்வே சாலையிலேயே தண்ணீர் ஏறிவிடும். பஸ்ஸில் இருப்பவர்கள் என்னமோ நான்தான் அதை வரவழைத்தது போல முறைப்பார்கள்.

அதே நாளில் மதியம் ரெண்டு மணிக்கு நியூ கட் மேலிருக்கும் ஜெயில் ஃபெர்ரி நடைபாலத்தின் நடுவில் போய் நின்று கீழே பார். ஆறு என்று சொல்ல அடியில் ஒரு ஒடுங்கிய ஓட்டம் இருக்கும். இரண்டு பக்கமும் சாய்வாக இறங்கும் சேறு, எண்ணெய் தடவியது போல மினுங்கும். அதில் கடற்காக்கையின் காலடிகள் வரிசையாகப் போகும். பாதி புதைந்த கடைத் தள்ளுவண்டி ஒன்று எப்போதும் கண்ணில் படும். இறங்கிப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது, காலை உள்ளே இழுத்துவிடும். காலையில் இதே இடத்தில் கல்சுவரை ஒட்டித் தண்ணீர் நின்றிருக்கும். மரக்கிளைகள் கடல் பக்கம் போகாமல் பாத் ஊர்ப் பக்கமாக, மேல்நோக்கி மிதந்து போயிருக்கும். பாலத்தைத் தாண்டி அஞ்சு நிமிஷம் நடந்தால் ஹார்பர். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. படகுகள் பாட்டுக்கு நிற்கும்.

தண்ணீரை அடைத்து வைத்தால் அடியில் வண்டல் சேரும், தஞ்சாவூர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கேயும் சேர்ந்தது, சாக்கடையும் கலந்து நாறியது. 1830-களில் பொறியாளர் புரூனெலைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். மேலே வழியும் தண்ணீரோடு சேறு போகாது, அடியில் மதகு வை என்றார். கடல் இறங்கிய நேரம் பார்த்து ஹார்பரின் அடி மதகைத் திறந்தால், தண்ணீர் வேகத்தோடு சேற்றையும் இழுத்துக்கொண்டு நியூ கட்டில் கொட்டும். அண்டர்ஃபால் யார்ட் என்ற படகுத்துறையில் இன்றைக்கும் அந்த முறைதான். 2023-இல் தீப்பிடித்துக் கொட்டகைகள் எரிந்ததே, அதே இடம். எஸ்எஸ் கிரேட் பிரிட்டன் கப்பலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இந்த மதகுப் பக்கம் வருவதில்லை. எனக்குக் கப்பலைவிட மதகுதான் பெரிசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண நாளில் ஹார்பர் தண்ணீர் உன் வீட்டுக்கு ஒன்றும் செய்யாது. மேலே கனமழை பெய்து ஆறுகள் வரும்போதே வெளியே கடலும் உச்சத்தில் நின்றால்தான் கஷ்டம், மதகைத் திறந்தாலும் தண்ணீர் வெளியேற இடம் இருக்காது. அந்த மாதிரி நாள் அடிக்கடி வராது. ஆனால் கடல் மட்டம் கூடிக்கொண்டே போகிறது. மாநகராட்சியும் கரைச்சுவர்களை உயர்த்தத் திட்டம் போட்டிருக்கிறது. உன் கடன் இருபத்தைந்து, முப்பது வருஷக் கடன். இதைவிட முக்கியமானது இன்ஷூரன்ஸ். வெள்ள அபாயம் உள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் பிரீமியம் கிடைக்கட்டும் என்று ஃப்ளட் ரீ என்று ஒரு ஏற்பாடு 2016-லிருந்து இருக்கிறது. 2009 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ கட்டிய வீடுகள் அதில் சேராது. உன் ஃபிளாட் புதுசு. ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

ஃப்ரூம் ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூன்றாவதாக ஈஸ்ட்வில் பக்கம் ஏதாவது பார்த்துவைத்திருப்பாய் என்று சந்தேகம். எம்32 நெடுஞ்சாலையில் ஊருக்குள் வரும்போது பக்கத்திலேயே கூட வரும் ஆறு அது. செயின்ட் ஜூட்ஸில் பூமிக்குள் போய்விடும். பிராட்மீடில் மருமகள் செருப்பு வாங்குகிற கடைகளுக்கு அடியில் ஓடுகிறது. ஊர் நடுவில் சென்டர் என்கிற இடத்தில் நீரூற்று இருக்கிறதே, அந்தத் தரைக்குக் கீழேயும் அதுதான். 1240-களில் அந்த ஆற்றைத் திருப்பி, கப்பல் நிற்கப் புதுப் பள்ளம் வெட்டினார்கள். 1893-இலும் 1938-இலும் அதில் பாதியை மூடிச் சாலை போட்டார்கள். மூடாத மிச்சத்தில்தான் 2020 ஜூனில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையை இழுத்துவந்து தள்ளினார்கள். அந்தப் படித்துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்க மனிதர்களை ஏற்றிப்போய் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் விற்ற கப்பல்கள். அந்த ஆளின் சிலை போய்ச் சேர வேண்டிய இடம்தான் என்று நான் அன்றைக்கே சொன்னேன், அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

ஃப்ரூமின் மேல்பக்கம், ஸ்டேபிள்டனில், ராஜாராம் மோகன் ராய் 1833-இல் காலமானார். ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதிக்கு உன்னைச் சின்ன வயசில் கூட்டிப்போயிருக்கிறேன். ஃப்ரூம் பள்ளத்தாக்கு நடக்க அருமையான இடம். ஆனால் மழை பெய்தால் ஃப்ரூம் சட்டென்று ஏறும். நகர மையம் முழுகாமலிருக்க, ஈஸ்ட்வில்லிலிருந்து ஏவன் பள்ளத்தாக்கு வரை வெள்ளத்தைக் கொண்டுபோக ஒரு பெரிய சுரங்கமே போட்டிருக்கிறார்கள்.

பெட்மின்ஸ்டர் வீட்டுக்கு வருவோம். அங்கே மலகோ என்று ஒரு ஓடை. டண்ட்ரி குன்றிலிருந்து இறங்கி வருகிறது, பாதி வழி தெருவுக்கு அடியில். ஒரே தாண்டில் தாண்டிவிடலாம் போலிருக்கும். 1968 ஜூலை 10 ராத்திரி கொட்டிய மழையில் அந்த ஓடைதான் பெட்மின்ஸ்டர் தெருக்களை முழுகடித்தது. அதற்கப்புறம் மழைநீரைத் திருப்பிவிட அங்கேயும் சுரங்கம் வெட்டினார்கள். இருந்தாலும் அரசாங்கத்தின் வெள்ள அபாய வரைபடத்தில் அந்த போஸ்ட்கோடைப் போட்டுப் பார். ஆறு, கடல் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே. தெருவில் தேங்கும் மழைநீருக்கென்று தனி வரைபடம் இருக்கிறது, உனக்கு வேண்டியது அதுதான். நிலவறை இருந்தால் நல்ல மழைக்கு மறுநாள் போய்க் கீழே இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார். புதுப் பெயின்ட் முழங்கால் உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால் கிளம்பி வந்துவிடு.

நானாக இருந்தால் பெட்மின்ஸ்டர் வீடுதான், மேட்டுப் பக்கத் தெருவாக இருந்தால் மட்டும். பள்ளத்தில் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு டாட்டர்டவுன் மேட்டில் தேடலாம். படி ஏற மூச்சு வாங்கும்தான். உங்களுக்கு வயசு இருக்கிறது.

பெட்மின்ஸ்டர் வீட்டின் தெருப் பெயரை அனுப்பு, நானே ஒரு நடை போய்ப் பார்க்கிறேன். ஃபிளாட் எந்த வருஷம் கட்டியது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. இந்த மாசம் வருவதாக இருந்தால் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து வா. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மதியம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை பாலத்துக்குப் போகலாம். நடுவில் சாப்பாடு வீட்டில். மீன் வாங்கி வைக்கட்டுமா, கறியா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா