இரண்டு முகம், ஒரு குரல்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பெரியவள் வேலை மாறிவிட்டாள். மூர்த்தி அப்படியேதான் இருக்கிறான். திருந்துவான் என்று இனி நீயும் எதிர்பார்க்காதே. அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் என் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே அதைக் கேட்க ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திரைப்படச் சங்கத்தில் ஸ்பானிய இயக்குநர் புனுவலின் கடைசிப் படத்தைப் போட்டார்கள். 1977இல் வந்த 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிஸையர்'. நாம் மாணவர்களாக இருந்தபோது, பாதியில் அறுந்துபோன அந்த மோசமான பிரதியில் பார்த்தோமே, அதே படம். படம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து விளக்கம் சொன்னார். கதாநாயகி கொன்சிட்டாவாக இரண்டு நடிகைகள் நடிக்கிறார்கள் அல்லவா? கரோல் பூக்கே என்றால் குளிர்ச்சி, ஆஞ்சலா மொலினா என்றால் வெப்பம். ஒருத்தி மறுக்கும் பெண், மற்றவள் அழைக்கும் பெண். பெண்மையின் இரு பாதிகள். இப்படிச் சொல்லிவிட்டு, கணக்குக்கு விடை கண்டுபிடித்தவர் போல உட்கார்ந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பாய், உன்னைத் தெரியும். அந்த மண்டபத்தில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசியிருக்க மாட்டார்கள்.

படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். மத்தியூ என்ற அந்த வயதான பணக்காரன் செவில்லில் ரயில் ஏறுகிறான். தன்னைத் தேடி வரும் பெண்ணின் தலையில் ரயிலில் இருந்தபடியே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறான். பிறகு பெட்டியில் இருப்பவர்களிடம் ஏன் கொட்டினேன் என்று தன் காதல் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். அவன் சொல்லும் கதைதான் முக்கால்வாசிப் படம். அதாவது நாம் பார்க்கும் கொன்சிட்டா முழுக்க அவன் நினைவில் இருக்கும் கொன்சிட்டா. ஒருத்தி குளியலறைக்குள் போகிறாள், வெளியே வருகிறவள் மற்றவள். அவனுக்கு எந்தத் திடுக்கிடலும் இல்லை. விட்ட இடத்திலிருந்து கெஞ்சலைத் தொடர்கிறான். இரண்டு வேறு மூக்கு, இரண்டு வேறு உயரம், இரண்டு வேறு சிரிப்பு. இத்தனை ஆசைப்படும் மனிதன் ஒரு முறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை! பிளவு அந்தப் பெண்ணிடம் இல்லை, ராகவா. அவன் கண்ணில் இருக்கிறது. அவளை இரண்டு பாதியாக வெட்டிப் பெயர் சூட்டுகிற வேலையை அந்தப் பேராசிரியர் செய்தபோது, அவரும் மத்தியூவின் ரயில் பெட்டியில் ஏறிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று. இந்த முறைதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இருவருக்கும் பிரெஞ்சில் குரல் கொடுத்திருப்பது ஃப்ளோரன்ஸ் ஜியார்ஜெட்டி என்ற ஒரே நடிகை. (மத்தியூவாக நடிக்கும் ஃபெர்னாண்டோ ரேயின் குரலும் அவருடையது அல்ல, மிஷேல் பிக்கோலி பேசியது.) கண் இரண்டு பேர் என்கிறது, காது ஒருத்திதான் என்கிறது. எதை நம்புவது என்று தீர்மானிக்காமலே மனம் ஒன்றே முக்கால் மணி நேரம் சமாதானமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நடிகைகள் என்பதைப் பல பார்வையாளர்கள் கவனிக்கவே இல்லை என்று புனுவல் எழுதியிருக்கிறார். கனவில் நமக்கு நடப்பது இதுதானே? உன் வீடுதான், ஆனால் உன் வீடு மாதிரி இருக்காது. அண்ணன்தான், ஆனால் அண்ணன் முகம் இருக்காது. கனவுக்குள் இருக்கும்வரை அதில் குறை எதுவும் தெரியாது.

இத்தனைக்கும் அது திட்டம் போட்டுச் செய்ததல்ல. முதலில் அமர்த்திய நடிகையோடு ஒத்துவராமல் படப்பிடிப்பு நின்று, படத்தையே கைவிடும் நிலை. மாட்ரிட் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மனோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரே வேடத்துக்கு இரண்டு நடிகைகளைப் போட்டால் என்ன என்று சொன்னார் புனுவல். சில்பர்மன் உடனே பிடித்துக்கொண்டார். எழுபத்தேழு வயது மனிதர்! விபத்தாக வந்து விழுந்ததைத் தள்ளாமல் உள்ளே விட்டார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

தொடக்கத்திலிருந்தே அவர் அப்படித்தான். மெல்லிய மேகம் ஒன்று நிலவை அறுக்கிறது, சவரக்கத்தி கண்ணை அறுப்பது போல. இது புனுவல் கண்ட கனவு. கை முழுக்க எறும்பு. இது ஓவியர் சால்வதோர் தாலி கண்டது. இருவரும் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் 'அண்டலூசிய நாய்' படத்தின் திரைக்கதையை எழுதினார்கள். அறிவால் விளக்கம் சொல்லக்கூடிய எந்தப் படிமமும் உள்ளே வரக் கூடாது என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி. படம் எடுக்கப் பணம் கொடுத்தது புனுவலின் அம்மா. 1929இல் பாரிஸில் முதல் காட்சி. திரைக்குப் பின்னால் நின்று கிராமபோனில் இசைத்தட்டு மாற்றிக்கொண்டிருந்த புனுவல், கலவரம் வந்தால் எறிவதற்காகச் சட்டைப் பையில் கூழாங்கற்களை நிரப்பி வைத்திருந்தாராம். கைதட்டல்தான் வந்தது.

ஆனால் கனவைத் திரையில் வைப்பது எப்படி என்பதை அவர் கடைசிவரை மாற்றிக்கொண்டே போனார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 1950இல் மெக்சிகோவில் எடுத்த 'லாஸ் ஓல்விடாடோஸ்' படத்தில் பெத்ரோ என்ற ஏழைச் சிறுவன் கனவு காண்பான், உனக்கு மறந்திருக்காது. தூங்கும் உடலிலிருந்து இன்னொரு பெத்ரோ எழுந்து உட்காருவான். எல்லாம் மெதுவாக அசையும், காற்று வீசும். விழித்திருக்கும்போது அவனை ஒருநாளும் அணைக்காத அம்மா கனவில் கனிவோடு வருவாள். கையில் பச்சை இறைச்சியை நீட்டுவாள். அங்கே கனவுக்கு வாசல் உண்டு. உள்ளே போகிறோம் என்று நமக்குத் தெரியும். 1972இல் 'டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாஸி' வரும்போது வாசலை எடுத்துவிட்டார். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள், திரை விலகுகிறது, எதிரே நாடகக் கொட்டகை நிறைய ஜனம். கூச்சத்தில் எழுந்து ஓடுகிறார்கள். அது ஒருவன் கனவு. அவன் விழித்து அடுத்த விருந்துக்குப் போகிறான், அங்கே துப்பாக்கி வெடிக்கிறது. இப்போது வேறொருவன் விழிக்கிறான்: முதலாமவன் கனவு கண்டதாக இவன் கனவு கண்டானாம்! வெளிச்சத்தில் மாற்றம் இல்லை, புகை இல்லை, சங்கீதம் இல்லை. அதே மேஜை, அதே கோட்டு. கனவையும் நனவையும் ஒரே கறாரான வெளிச்சத்தில் காட்டும் இந்தத் துணிவு வேறு எவரிடமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. நம் சினிமாவில் கனவு என்றால் கண்ணை உருட்டிப் புகை விடுவார்களே, அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் நான்கு பக்கம் போகும்.

'பெல் தெ ஜூர்' படத்தில் விபச்சார விடுதிக்கு வரும் வாடிக்கையாளன் ஒருவன் கொண்டுவரும் ரீங்காரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊரே அவரைக் கேட்டது. நீங்கள் எது வேண்டும் என்கிறீர்களோ அதுதான் என்று சொல்லி அனுப்பினார். உள்ளே இருப்பது தெரிந்துவிட்டால் அந்தக் காட்சி அதோடு செத்துப்போகும். இதைத்தான் அந்தப் பேராசிரியரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டது.

சரி. அம்மா.

காலையில் உன்னை மகன் என்கிறார், விளக்கு வைத்த பிறகு தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். நீ ஒவ்வொரு முறையும் "நான் ராகவன்மா, மாமா இல்லை, மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று திருத்துவதாகவும், அவர் அன்றைக்குத்தான் செய்தி கேட்டது போல அழுவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புனுவலின் அம்மாவுக்கும் கடைசிப் பத்தாண்டுகள் இப்படித்தான். 1982இல் வெளிவந்த புனுவலின் தன்வரலாறு இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பத்திரிகையைக் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் பார்த்து முடிப்பாராம். அதை வாங்கிவிட்டு மறுபடி அதையே கொடுத்தால் புதிதாகப் பார்ப்பாராம். புனுவல் அறைக்குள் போய் முத்தமிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, உடனே மறுபடி உள்ளே போவார். அம்மா அதே புன்னகையோடு வரவேற்று உட்காரச் சொல்வார், முதல் முறை பார்ப்பது போல. மகன் பெயர் நினைவில் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் 1962இல் அவர் எடுத்த 'எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' எனக்கு நினைவுக்கு வரும். விருந்தாளிகள் மாளிகைக்குள் நுழைகிறார்கள். சற்று நேரத்தில் அதே விருந்தாளிகள் அதே மாதிரி மறுபடி நுழைகிறார்கள். ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகரோவாவே பதறிப்போய், படத்தொகுப்பில் தவறு நடந்துவிட்டது, ஒரே காட்சி இரண்டு முறை வருகிறது என்று ஓடிவந்தாராம். தவறே இல்லை, வேண்டுமென்றே வைத்தது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் மறுபடி மறுபடி நுழைந்த மகன், தன் பெயரைச் சொல்லி அம்மாவை மடக்க முயன்றதாக அந்தப் பக்கங்களில் எங்கும் எழுதவில்லை. உள்ளே போனார், புன்னகையை வாங்கிக்கொண்டார்.

நீயும் திருத்துவதை நிறுத்து, ராகவா. மாலையில் மாமாவாகவே இரு. நான் உன்னிடம் இப்படி உத்தரவு போட்டதே இல்லை, இப்போது போடுகிறேன். அம்மா தன் தம்பியிடம் சொல்வது நீ மகனாக இருந்து ஒருநாளும் கேட்க முடியாத பேச்சு. அவருடைய பதினைந்து வயது, அந்த ஆற்றங்கரை வீடு, உன் அப்பாவைக் கட்டிக்கொள்வதற்கு முன் இருந்த பயம் எல்லாம் அதில் வரும். உன்னிடம் அவர் சொல்லியிருப்பாரா? பக்கத்தில் உட்கார்ந்து கேள். மாமா எப்படிப் பதில் பேசுவார் என்று உனக்குத் தெரியும், அந்த இழுத்த "அக்கா"வோடு.

கேட்டதை எனக்கு எழுது. தேதி போட்டு ஒரு நோட்டிலும் எழுதி வை. பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். சரோஜா ரயில் டிக்கெட் போட்டாயிற்று. படத்தின் நல்ல பிரதி மூர்த்தியிடம் இருக்கிறது, பிடுங்கிக்கொண்டு வருகிறேன். டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரை அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை மட்டும் உடனே தெரிவி.

அன்புடன்,
சுந்தரம்